நாத்தனாரின் சாம்பல் குதிரை

கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்த மூன்றாம் நாளே எனக்கும் என் நாத்தனாருக்கும் சண்டை வந்துவிட்டது. காரணம் ஒரு வாளித் தண்ணீர். ரயிலடியிலிருந்து ஓடி வந்த குதிரை வேர்த்து விறுவிறுத்து நின்றது. பாவமாக இருந்ததால் வாளியை அதன் வாயருகே கொண்டுபோய் வைத்தேன். நாத்தனார் வந்து அந்த வாளியைக் காலால் தள்ளிவிட்டார்.

"சூட்டோட வந்த குதிரைக்கு வயிறு முட்டத் தண்ணி காட்டுவாங்களா? மாடு மேச்சவள கட்டிக்கினு வந்தா இப்படித்தான்."

அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி என்று பிற்பாடு மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் தெரிந்துகொண்டேன். அதை அவரிடம் நான் சொன்னதே இல்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் வீடு ரயிலடிக்குப் பக்கத்தில், ஒரு பெரிய மண் வாசலோடு இருந்தது. வாசலின் ஒரு பக்கம் லாயம். அதில் மூன்று பெண் குதிரைகள், நாத்தனாரின் ஆண் குதிரை ஒன்று. இரண்டு ஜட்கா வண்டிகள். ஒன்றை என் வீட்டுக்காரர் ஓட்டினார், இன்னொன்றுக்குச் சம்பள ஆள். ரயிலில் வருகிறவர்களைக் கோயிலுக்கும், செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கும் கொண்டுபோய் விடுவதுதான் தொழில். விசேஷ நாட்களில் மலையைச் சுற்றியும் ஓட்டம் உண்டு.

நாத்தனார் என் வீட்டுக்காரரைவிடப் பத்து வயது மூத்தவர். புருஷன் விட்டுவிட்டதால் இருபது வயதிலேயே பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். அடுத்தடுத்து அப்பா அம்மா போனபின், தம்பியை வளர்த்ததும் வண்டிகளைக் கட்டிக் காப்பாற்றியதும் அவர்தான். ஜட்கா ஸ்டாண்டில் இருந்த ஆம்பிளைகள் எல்லாருக்கும் அவரிடம் பயம். என் வீட்டுக்காரருக்கும்தான்.

நான் போளூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். எங்கள் வீட்டில் பொலிகாளை வைத்திருந்தார்கள். எந்தப் பசுவுக்கு எந்தக் காளை, எந்தப் பசுவை இந்த வருஷம் சும்மா விட வேண்டும் என்ற பேச்சைச் சோற்றோடு சோறாகக் கேட்டு வளர்ந்தவள். அதனால் இந்த வீட்டில் குதிரைகள் குட்டி போட்ட விதத்தைப் பார்த்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

எல்லாம் அந்த ஆண் குதிரையை வைத்துத்தான். சாம்பல் நிறம், நல்ல உயரம். சென்னையில் ரேஸ் ஓடிக் கால் கெட்டுப்போனதை நாத்தனார் எவனிடமோ வாங்கிக்கொண்டு வந்திருந்தார். முன்னால் நின்று பார்த்தால் ராஜா மாதிரி இருக்கும். பக்கவாட்டில் நின்று பார்த்தால், முன்னங்கால் முட்டி இரண்டும் பிறவியிலேயே பின்பக்கமாக வாங்கியிருப்பது தெரியும். யாரும் பக்கவாட்டில் நின்று பார்க்கவில்லை. எங்கள் மூன்று பெண் குதிரைகளும் நாட்டு மட்டக் குதிரைகள். குள்ளம், கல் போன்ற குளம்பு, கொஞ்சம் கொள்ளும் புல்லும் போட்டால் நாள் முழுக்க உழைக்கும். நாத்தனார் வருஷம் தவறாமல் மூன்றையும் சாம்பலோடு சேர்த்தார். குட்டி போட்ட ஒன்பதாம் நாளே மறுபடி சேர்த்தார். பதினோரு மாதச் சினையில் பத்து மாதம் வண்டியில் கட்டினார். குட்டிகளை ஆறு மாதத்தில் கார்த்திகை தீபத்து மாட்டுச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய், "வெள்ளக்காரன் ஜாதிக் குதிர" என்று சொல்லி விற்றுவிட்டு வருவார். அதன்பிறகு அவை என்னவாயின என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இரண்டாம் வருஷம் சித்திரா பௌர்ணமிக்கு, மூன்றில் மூத்த குதிரை பத்து மாதச் சினையோடு மலையை இரண்டு முறை சுற்றியது. மூன்றாம் நாள் காலை, காபி போட்டுக்கொண்டிருந்தேன், லாயத்தில் குதிரை விழுந்த சத்தம் கேட்டது. குட்டி பாதி வெளியே வந்து நின்றுபோயிருந்தது. டாக்டரைக் கூப்பிட என் வீட்டுக்காரர் சைக்கிளில் ஓடினார். அவர் வருவதற்குள் குட்டியை நானும் நாத்தனாருமாக இழுத்துப் போட்டோம். அது செத்தே பிறந்தது. தாய் மதியம் வரை கிடந்துவிட்டு உயிரை விட்டது.

டாக்டர் அதன் விலாவில் கை வைத்துப் பார்த்தார். "எலும்புதான் இருக்கு. இதுக்கு எத்தன குட்டி?" என்றார்.

"ஒம்போது," என்றார் நாத்தனார்.

"நடுவுல ஒரு வருஷமாவது விட்டீங்களா?"

நாத்தனார் குட்டியைச் சாக்கால் மூடினார். நான் சொன்னேன்: "ஒரு வருஷங்கூட இல்ல டாக்டர். முந்தாநாள்தான் மலையச் சுத்துச்சு."

வெளி ஆள் முன்னால் நான் அப்படிச் சொன்னதை நாத்தனார் கடைசி வரை மன்னிக்கவில்லை. டாக்டர் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"உங்கப்பன் வூட்ல சோறு இருந்துச்சு. அதனால உனக்குக் குதிர மேல எரக்கம் வருது. இந்தக் குட்டிங்க இல்லன்னா உன் புருஷன் சின்ன வயசுலயே செத்திருப்பான், தெரியுமா?"

"அதுக்காக இத சாவடிக்கணுமா அண்ணி?"

"வாய மூடுடி."

அன்றிலிருந்து நாங்கள் நேராகப் பேசிக்கொள்வது குறைந்தது. ஒரே அடுப்பில் சமைத்தோம், ஒரே கிணற்றில் இறைத்தோம். சொல்ல வேண்டியதை என் வீட்டுக்காரர் வழியாகச் சொன்னோம். அவர் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு வண்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள், மலை சுற்றும் பாதையில் ஒரு குதிரையைப் பார்த்தேன். சாம்பல் நிறக் குட்டிக் குதிரை, நாலு வயதுகூட இருக்காது. குப்பையில் எச்சில் இலையைத் தின்றுகொண்டிருந்தது. ஒரு முன்னங்காலைத் தரையில் ஊன்றவில்லை. முட்டி பின்பக்கமாக மடிந்து, குளம்பு பிளந்திருந்தது. உடம்பில் வண்டிச் சேணம் அறுத்த புண். யாருடைய குட்டி என்று கேட்கத் தேவையில்லை. முகம் அப்படியே அப்பனுடையது. அப்பனின் உயரமும் கெட்ட காலும் வந்திருந்தன. குளம்பும் தாயினுடையதாக இல்லை, அப்பனைப் போல மெல்லிய குளம்பு. வேறு எந்த நல்லதும் அதற்கு வந்து சேரவில்லை.

என் புடவைத் தலைப்பை அதன் கழுத்தில் சுற்றி வீட்டுக்கு நடத்திக்கொண்டு வந்தேன். இரண்டு மைல் நடக்க மூன்று மணி நேரம் ஆனது. வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

"அண்ணி, வந்து பாருங்க. உங்க வெள்ளக்காரன் ஜாதி வந்திருக்குது."

அவர் பார்த்தார். அடையாளம் தெரிந்தது, முகத்தில் தெரிந்தது. "வாங்கினவன் சரியா வச்சிக்கல. அதுக்கு நானா பொறுப்பு?" என்று உள்ளே போய்விட்டார்.

அது பதினைந்து நாள் எங்கள் வாசலில் இருந்தது. இனித் தேறாது என்று டாக்டரே ஊசி போட்டு முடித்துவைத்தார். அந்தப் பதினைந்து நாளும் நாத்தனார் பின்வாசல் வழியாகத்தான் போய்வந்தார்.

என் அப்பா சீராகக் கொடுத்த பசுவை அந்த வருஷமே சந்தையில் கொடுத்துவிட்டு, நான்கு வயதுப் பெண் மட்டக் குதிரை ஒன்றை வாங்கினேன். செவலை நிறம். வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே உயிர் அது. லாயத்தில் ஒரு மூங்கில் தட்டியைக் கட்டி என் பக்கம், அவர் பக்கம் என்று பிரித்தேன். நாட்டுக் குதிரையின் உழைப்பும் குளம்பும் கெடக்கூடாது. நடையும் மார்பும் கொஞ்சம் பெரிதாக வேண்டும். இவ்வளவுதான் என் எண்ணம். டாக்டரிடம் கேட்டபோது கத்தியவார் நல்லது என்றார். குஜராத் பக்கத்துக் குதிரை, வெயில் தாங்கும், ரொம்ப உயரமில்லை. காது இரண்டும் உள்பக்கம் வளைந்து நுனி தொட்டுக்கொள்ளும்.

"ஆனா அதுலயும் பின்னங்கால் கோணல் இருக்கற ஜாதி உண்டும்மா. குதிரய மட்டும் பாக்காதீங்க. அதோட குட்டிங்க எங்க இருக்குன்னு கேட்டு, போய் அதுங்களப் பாருங்க" என்றார்.

அப்படியே செய்தேன். முதலில் பார்த்த கத்தியவாரின் குட்டிகள் இரண்டுக்கும் பின்னங்கால் அரிவாள் மாதிரி வளைந்திருந்தது. வேண்டாம் என்று வந்துவிட்டேன். இரண்டாவது, செங்கம் ரோட்டில் நிலபுலன் வைத்திருந்த ஒரு பண்ணைக்காரருடையது. அவர் குதிரையின் மூன்று குட்டிகளையும் மூன்று கிராமத்துக்கு பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். கல் பாதையில் நடக்கவிட்டுப் பார்த்தேன். பண்ணைக்காரர் சிரித்தார். "மாப்ள பாக்கறதுக்குக்கூட இவ்ளோ விசாரிக்க மாட்டாங்க" என்றார். சரி, உங்கள் குதிரைக்கு ஐந்து வயது முடியட்டும், பருவத்துக்கு வந்ததும் சொல்லியனுப்புங்கள் என்று ஒத்துக்கொண்டார்.

நாத்தனாருக்கு இது தெரிந்ததும் ரயிலடி முழுக்கக் கேலி. ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்தான் குட்டி, எட்டாம் மாதத்துக்குமேல் வண்டி கிடையாது என்று நான் சொன்னதை ஸ்டாண்டில் நின்றுகொண்டு நடித்தே காட்டினாராம். "டீச்சரம்மாவுக்குக் குடுக்கற மாதிரி எங்க வூட்ல குதிரைக்குப் பிரசவ லீவுங்க. சம்பளத்தோட!"

செவலைக்கு ஐந்து வயது முடிந்து பருவத்துக்கு வந்தது. பண்ணைக்காரர் வெள்ளிக்கிழமை குதிரையைக் கொண்டுவருவதாகச் சொன்னார். புதன்கிழமை என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஆள் வந்தது. ஒரு நாளில் திரும்பிவிடலாம் என்று போளூருக்குப் போனேன். வியாழன் மாலை வந்து பார்த்தபோது மூங்கில் தட்டி சாய்ந்து கிடந்தது. செவலையின் பிடரியில் சாம்பலின் பல் பட்ட காயம்.

என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்காமல் சேணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ஆச்சு?"

"அக்கா... நான் சவாரி போயிருந்தேன்."

நாத்தனார் அடுப்படியிலிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், அந்த நொண்டிக் குட்டி வந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக என்னிடம் நேராகப் பேசினார். "வேல முடிஞ்சிது. உன் பண்ணக்காரன அலைய வேணாம்னு சொல்லிடு."

கையில் இருந்த பையை அவர் முதுகில் எறிந்தேன். அதில் என் அம்மா கொடுத்தனுப்பிய பலாச்சுளை இருந்தது. அது சுவரெல்லாம் ஒட்டியது. அவர் எழுந்து வந்து என் தலைமுடியைப் பிடித்தார். என் வீட்டுக்காரர் நடுவில் விழுந்து பிரித்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் மதில்மேல் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகவே இல்லை.

செவலை சினை பிடித்துவிட்டது. குட்டியின்மேல் எனக்கு என்ன கோபம்? எட்டாம் மாதம் வண்டியிலிருந்து அவிழ்த்தேன். கொள்ளை ஊறவைத்துக் கொடுத்தேன். வண்டி ஓட்டம் குறைந்ததற்கு வீட்டில் எல்லாரும் என்னைப் பேசினார்கள், கேட்டுக்கொண்டேன். ஆண் குட்டி பிறந்தது. சாம்பல். மூன்று மாதத்திலேயே முன்னங்கால் முட்டி பின்பக்கம் வாங்குவது தெரிந்தது.

நாத்தனாருக்கு அந்தக் குட்டிமேல் உயிர். பெரிய சாம்பலுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. அடுத்த பொலிகுதிரை இதுதான் என்று முடிவே செய்துவிட்டார். தாய் உன்னுடையதாக இருக்கலாம், அப்பன் என்னுடையவன் என்றார். தினமும் வெல்லம் கொண்டுவந்து ஊட்டினார். அது வளரட்டும், ஊரில் இருக்கிற பெண் குதிரைகளை எல்லாம் இதற்கே கொண்டுவருவார்கள் என்று ஸ்டாண்டில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு மலை சுற்றும் பாதையில் எச்சில் இலை தின்ற அந்த முகம்தான் நினைவுக்கு வந்தது. இதிலிருந்து இன்னும் எத்தனை முகங்கள் வரும் என்று யோசித்தேன்.

குட்டிக்கு ஒன்றரை வயதானபோது, காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கு நாத்தனார் இரண்டு நாள் போனார். முதல் நாள் காலையிலேயே டாக்டரைக் கூப்பிட்டுவந்து அதற்குக் காயடிக்கச் சொன்னேன்.

டாக்டர் கேட்டார்: "வூட்ல எல்லாருக்கும் தெரியுமா?"

"குதிர என்னுது டாக்டர்."

"நான் அத கேக்கல."

"தெரியாது. தெரிஞ்சா நடக்காது."

அவர் குட்டியை நடக்கவிட்டு, காலை ஒரு முறை குனிந்து பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்தார். என் வீட்டுக்காரர்தான் கயிற்றைப் பிடித்தார். முடிந்ததும் அவர் சொன்னதை மறக்க முடியவில்லை. "அக்கா உன் முதுகுக்குப் பின்னால செஞ்சா. நீ அவ முதுகுக்குப் பின்னால செஞ்சிட்ட. நீங்க ரெண்டு பேரும் ஒரே வார்ப்பு." சொல்லிவிட்டு வண்டியைக்கூடக் கட்டாமல் எங்கேயோ நடந்து போனார்.

நாத்தனார் திரும்பி வந்து, வெல்லத்தோடு லாயத்துக்குள் போனார். வெளியே வந்தபோது கத்துவார், அடிப்பார் என்று தயாராக நின்றேன். அவர் கையில் இருந்த வெல்லத்தை என் காலடியில் போட்டார்.

"எனக்குன்னு ஒண்ணு இருந்துச்சு. அதையும் அறுத்துப் போட்டுட்ட."

நான் செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவர் ஊரில் இருக்கும்போது, அவர் முகத்துக்கு நேராகச் செய்திருக்க வேண்டும். அந்தத் தைரியம் எனக்கு இருக்கவில்லை. அந்தக் குட்டியை நான் விற்கவில்லை. புல் கட்டுச் சுமக்கிற அளவுக்கு மட்டும் வேலை கொடுத்து, எங்களோடு வைத்துக்கொண்டேன்.

ஒரு வருஷம் செவலையைச் சும்மா விட்டுப் பிறகு பண்ணைக்காரரின் கத்தியவாரோடு சேர்த்தேன். அந்த வாரம் முழுக்க லாயத்திலேயே பாய் போட்டுப் படுத்திருந்தேன். பிறந்தது ஒரு பெண் குட்டி. தாயின் செவலை நிறம், தாயின் குளம்பு. காது நுனி மட்டும் லேசாக உள்ளே வளைந்திருந்தது. நடை நீளமாக, தரையைத் தொட்டுத் தொட்டுப் போகும். மூன்று வயது வரை ஒரு பாரமும் வைக்கவில்லை. நாலு வயதில் வண்டிக்குப் பழக்கினோம். மலையைச் சுற்றிவிட்டு வந்தும் மூச்சு வாங்காமல் நின்ற அதைப் பார்த்து ஸ்டாண்டில் ஆம்பிளைகள் வந்து குளம்பைத் தூக்கிப் பார்த்தார்கள். நாத்தனார் மட்டும், "காது கோணக் குதிர" என்றார்.

அதற்குப் பின் இன்னொரு பெண் குட்டியும் பிறந்தது. அப்போது எண்பதுகள் வந்துவிட்டன. லாயத்தில் இடமில்லாததால் இரண்டாவதற்கு மூன்று வயதானதும் தீபத்துச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். வந்தவர்களை எல்லாம் கேள்வி கேட்டே விரட்டினேன். எங்கே கட்டுவீர்கள், என்ன போடுவீர்கள், எத்தனை வயதில் வண்டி கட்டுவீர்கள், வேண்டாமென்றால் எங்களிடமே திருப்பிக் கொண்டுவந்து விடுவீர்களா? பத்தடி தள்ளித் தன் குட்டியோடு உட்கார்ந்திருந்த நாத்தனார் காற்றைப் பார்த்துப் பேசினார். "குதிர விக்க வந்தாளா, பொண்ணு குடுக்க வந்தாளா தெரியல."

மூன்றாம் நாள் ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, நிதானமான பேச்சு. என் கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னார். சொந்தமாகத் தோட்டம் இருக்கிறது, நிழலில் கட்டுவேன், வருஷம் ஒருமுறை நீங்களே வந்து பாருங்கள் என்றார். எனக்குத் திருப்தியாகிவிட்டது. கயிற்றைக் கையில் கொடுக்கப் போனேன்.

"அந்தாளுக்குக் குடுக்காத."

நாத்தனார்தான். எழுந்து நின்றிருந்தார். அந்த மனிதரை நேராகப் பார்த்தார்.

"எங்கிட்ட ஒரு சாம்பல் குட்டி வாங்கினியே, நெனப்பிருக்குதா? இதே பேச்சுதான் அன்னிக்கும் பேசின. ரெண்டு வயசு முடியல, செங்கல் வண்டில கட்டி, கால ஒடிச்சி, மலப் பக்கம் தொரத்தி வுட்டியே. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

அவர் ஏதோ சொல்லிக்கொண்டே கூட்டத்துக்குள் நழுவிப் போனார். நான் நாத்தனாரைப் பார்த்தேன். வாங்கினவன் யார், என்ன செய்தான் என்பதெல்லாம் அவர் விசாரித்து வைத்திருக்கிறார். எத்தனையோ வருஷம் வாயைத் திறக்காமல் வைத்திருக்கிறார்.

"அண்ணி..." என்றேன்.

"உனக்காகச் சொல்லல" என்று உட்கார்ந்து, முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். சந்தை முடியும்வரை திரும்பவே இல்லை. குட்டியை நான் வீட்டுக்கே ஓட்டி வந்தேன்.

பெரிய சாம்பல் அடுத்த கோடையில் செத்தது. அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் ஒரு தட்டில் சோறு கொண்டுபோய் வைத்தேன். அதை அப்படியே நாய்க்குப் போட்டார்.

சில வருஷம் கழித்து என் வீட்டுக்காரருக்கு இடுப்பு வலி முற்றியது. வண்டி ஏற முடியாமல் போனதும், என் குதிரைகளோடு வேங்கிக்கால் பக்கம் ஒரு சின்ன வீட்டுக்கு மாறினோம். நாத்தனார் எங்களோடு வர மறுத்துவிட்டார். தன் கடைசிப் பெண் குதிரையை ஓட்டிக்கொண்டு உறவுக்காரர் ஒருவரின் தோட்டத்தில் போய் இருந்துகொண்டார். அங்கே அவர் தானாகவே பண்ணைக்காரரிடம் போய், அதைக் கத்தியவாரோடு சேர்க்கக் கேட்டாராம். அந்தக் கத்தியவாரின் குட்டிகளை எல்லாம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாராம். இது தன் யோசனை என்றும், தன் தம்பி பெண்டாட்டிக்குக் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றும் அவரிடம் சொன்னாராம். பண்ணைக்காரர் என்னிடம் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

குட்டி பிறந்து மூன்று மாதமானதும் ஒருமுறை பார்க்கப் போனேன். வா என்று சொல்லவில்லை. குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. தாய், எலும்பு தெரியாமல் பளபளவென்று இருந்தது. குட்டியின் பக்கவாட்டில் போய் உட்கார்ந்து முன்னங்காலைப் பார்த்தேன். முட்டியிலிருந்து குளம்பு வரை நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

"கால் நல்லா இருக்குது அண்ணி" என்றேன்.

அவர் புல்லை உதறிப் போட்டுக்கொண்டே சொன்னார்: "தெரியும். பஸ்ஸுக்கு நேரமாவுது, கெளம்பு."